வதந்தியின் மேல் கட்டிய இரண்டு வத்திக்கான்கள்

2011-ஆம் ஆண்டில், ஆறு மாதங்கள்கூட இடைவெளி இல்லாமல், போர்ஜியா குடும்பத்தைப் பற்றி இரண்டு பெரிய தொலைக்காட்சித் தொடர்கள் வெளிவந்தன. அமெரிக்காவின் ஷோடைம் அலைவரிசைக்காக அயர்லாந்து இயக்குநர் நீல் ஜோர்டன் உருவாக்கிய 'தி போர்ஜியாஸ்' ஏப்ரல் மாதம் தொடங்கியது. பிரான்சின் கனால் பிளஸ் நிறுவனத்திற்காக அமெரிக்க எழுத்தாளர் டாம் ஃபோன்டானா உருவாக்கிய 'போர்ஜியா' ஜூலையில் இத்தாலியிலும் அக்டோபரில் ஜெர்மனி, பிரான்சு ஆகிய நாடுகளிலும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. முன்னது மூன்று சீசன்களில் 29 பகுதிகள் கொண்டது; பின்னது அதே மூன்று சீசன்களில் 38 பகுதிகள் கொண்டது. பெயர் குழப்பத்தால் ஒன்றைத் தேடி மற்றொன்றைப் பார்த்துவிட்டு வியந்தவர்களும் உண்டு. நானே அப்படித்தான் இரண்டாவது தொடருக்கு வந்து சேர்ந்தேன். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முழுவதும் பார்த்து முடித்த பிறகு எழுதுகிறேன்.

போர்ஜியாக்களைப் பற்றிக் கதை சொல்ல வருகிற எவருக்கும் முதலில் எதிர்ப்படுவது சான்றுகளின் சிக்கல். ஸ்பெயினின் வலென்சியா நாட்டிலிருந்து ரோமுக்கு வந்த இந்தக் குடும்பம் மூன்றாம் கலிஸ்டஸ், ஆறாம் அலெக்சாண்டர் என்று இரண்டு திருத்தந்தையரைத் தந்தது. இவர்களில் 1492 முதல் 1503 வரை ஆண்ட ஆறாம் அலெக்சாண்டர், அதாவது ரோட்ரிகோ போர்ஜியா, தம் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்றே ஊரறிய வைத்துக்கொண்டவர். அவரைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பெரும்பகுதி அவருக்கு வேண்டாதவர்களின் வாயிலிருந்து வந்தது. திருச்சடங்குகளின் பொறுப்பாளராக இருந்த யோகான் புர்கார்டின் நாட்குறிப்பு, ரோமானியரான இன்ஃபெசூராவின் குறிப்புகள், வெனிஸ் தூதர்களின் அறிக்கைகள், அவமானப்பட்டுப் போன முன்னாள் மருமகனின் பேச்சு, பிறகு இரண்டாம் ஜூலியஸ் என்ற பெயரில் அதே அரியணையில் அமர்ந்த பரம எதிரி கர்தினால் தெல்லா ரோவரே பரப்பியவை என்று எல்லாம் கலந்துதான் 'போர்ஜியா' என்ற பெயரே நஞ்சுக்கும் காமத்திற்கும் மறுபெயராயிற்று. ஆகவே இவ்விரு தொடர்களையும் எடைபோட நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: கையில் கிடைத்த வதந்தியை இவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஜோர்டன் வதந்தியை விரும்புகிறார். அதை மறைக்கவும் இல்லை. அலெக்சாண்டருக்கு முந்தைய திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் மரணப் படுக்கையில் கிடக்கும் காட்சியோடு அவருடைய தொடர் தொடங்குகிறது. முதல் பகுதிக்குள்ளேயே வாக்குகள் விலைபேசப்பட்டு, புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் அடைபட்டுக் கூடும் கான்கிளேவுக்குள் போகும் உணவுத் தட்டுகளில் பத்திரங்கள் ஒளித்து அனுப்பப்பட்டு, ரோட்ரிகோ திருத்தந்தையாகி விடுகிறார். அடுத்து, கர்தினால் ஓர்சினி நஞ்சால் இறக்கிறார். வரலாற்றில் அந்தக் குடும்பத்துக் கர்தினால் சிறையில் இறந்தது 1503-இல். நஞ்சு என்ற பேச்சு எழுந்ததும் அப்போதுதான். பதினோரு ஆண்டுகளுக்குப் பிந்திய ஒரு புரளியைத் தூக்கிக்கொண்டு வந்து தொடக்கத்திலேயே வைத்ததன் காரணம் தெளிவானது: போர்ஜியா என்றால் பார்வையாளர் நஞ்சை எதிர்பார்ப்பார், அவரைக் காக்கவைக்கக் கூடாது. ஓர்சினியாக வரும் டெரக் ஜேகபி தமக்குக் கிடைத்த சொற்ப நேரத்தில் அந்தக் காட்சியை அத்தனை நேர்த்தியாக நடித்திருப்பதால் நமக்கும் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை.

ஃபோன்டானா இதே இடத்தில் நம்மைக் காக்கவைக்கிறார். முதல் சில பகுதிகள் வரை அவருடைய ரோட்ரிகோ வெறும் கர்தினால்தான். 1457 முதல் ஐந்து திருத்தந்தையரிடம் துணை வேந்தராகப் பணியாற்றி, திருச்சபையின் நிர்வாகம் முழுவதையும் விரல் நுனியில் வைத்திருந்த ஒரு முதிய அதிகாரி, பேரங்களும் பயமுறுத்தல்களும் மன்றாட்டுகளும் வழியாக அரியணையை எப்படி நெருங்கினார் என்பதை இந்தத் தொடர் பொறுமையாகக் காட்டுகிறது. கர்தினால்கள் அடைபட்டிருக்கும் கான்கிளேவ் காட்சிகள், இரு தொடர்களையும் சேர்த்து நான் பார்த்த 67 பகுதிகளில் மிகச் சிறந்தவை என்பேன். யார் யாருக்கு எந்த மறைமாவட்டம், எந்த மடத்தின் வருமானம், யார் யாரோடு எத்தனை ஆண்டுப் பகை என்பதெல்லாம் தெரிந்தால்தான் ஒவ்வொரு வாக்கும் புரியும்; அதைத் தெரியவைக்கும் உழைப்பை இந்தத் தொடர் மேற்கொள்கிறது. 1492 ஆகஸ்டு 11-ஆம் நாள் விடியலில் அறிவிக்கப்பட்ட முடிவு நாம் முன்பே அறிந்ததுதான் என்றாலும், அந்த இடம் வரும்போது நமக்குப் படபடக்கிறது.

ரோட்ரிகோவாக நடித்த இருவரையும் ஒப்பிடாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஷோடைம் தொடரின் ஜெரமி அயன்ஸ் மெலிந்த உடலும் நீண்ட முகமும் கொண்டவர். வத்திக்கானில் பின்துரிக்கியோ வரைந்த சுவரோவியத்தில் முழந்தாளிட்டிருக்கும் பருத்த, மடிப்பு விழுந்த கழுத்துடைய அலெக்சாண்டருக்கும் இவருக்கும் உருவத்தில் எள்ளளவும் ஒற்றுமை கிடையாது. ஆனால் அயன்ஸிடம் குரல் இருக்கிறது. ஒரு வாக்கியத்தைத் திருப்பலி போலத் தொடங்கி, நடுவில் தயங்கி, பேரம் போல முடிக்கும் வித்தை அவருக்குத் தெரியும். தன்னையே பார்த்துத் தானே கொஞ்சம் சிரித்துக்கொள்ளும் இந்தத் திருத்தந்தையை வெறுப்பது கடினம். ஃபோன்டானாவின் தொடரில் வரும் ஜான் டோமன் அமெரிக்கக் காவல்துறைத் தொடர்களில் கண்டிப்பான அதிகாரியாகப் பலருக்குப் பழகிய முகம். அவருடைய அமெரிக்க உச்சரிப்பு முதல் ஒரு மணி நேரம் காதில் உறுத்தும். பிறகு அது மறைந்துபோய், நாற்பதாண்டு அலுவலக வாழ்க்கை ஊறிப்போன ஓர் உடம்பு தெரியத் தொடங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, டோமனின் ரோட்ரிகோ கடவுளை நம்புகிறார். பாவம் செய்கிறவர், அது பாவம் என்று தெரிந்தே செய்கிறவர், தண்டனைக்கு அஞ்சுகிறவர், ஆனாலும் தம்மைக் கடவுளே தேர்ந்தெடுத்தார் என்பதில் ஐயமே இல்லாதவர். அந்தக் காலத்து மனம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆங்கில உலகில் இந்தத் தொடருக்கு 'நம்பிக்கையும் அச்சமும்' என்று பொருள்படும் துணைத்தலைப்பு சேர்த்திருந்தார்கள். அது விளம்பரத்துக்காகச் சேர்த்த சொல் அன்று.

பிள்ளைகள் விஷயத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஷோடைம் தொடரின் உயிரே ஃபிரான்சுவா ஆர்னோ நடித்த சேசரேயும் ஹாலிடே கிரெய்ஞ்சர் நடித்த லுக்ரேசியாவும்தான். சிரித்து ஓடும் சிறுமியாகத் தொடங்கி, முதல் கணவன் வீட்டில் அடிபட்டு, திரும்பி வரும்போது கண்களில் வேறொருத்தியைக் கொண்டுவரும் அந்த மாற்றத்தை கிரெய்ஞ்சர் வசனமின்றியே காட்டுகிறார். (முதல் கணவன் ஜொவானி ஸ்ஃபோர்சா இவளைக் கொடுமைப்படுத்தினான் என்பதற்குச் சான்று இல்லை, பாவம், வரலாற்றில் அவமானப்பட்டவன் அவன்தான்.) ஃபோன்டானாவின் தொடரில் லுக்ரேசியாவாக வரும் இசோல்டா டைகாக் படப்பிடிப்பின்போது பதின்வயதைக் கடக்காதவர். 1492-இல் லுக்ரேசியாவுக்கு வயது 12 என்பதை அவருடைய முகம் நமக்கு ஓயாமல் நினைவூட்டுவதால், திருமணப் பேரங்களைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. நடிப்பில் கிரெய்ஞ்சருக்கு நிகராக அவரைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சங்கடம் தேவையான சங்கடம். மார்க் ரைடரின் சேசரே என்னைச் சோர்வடையச் செய்தார். தவம், சாட்டையடி, வெறி, அழுகை, கொலை, மறுபடி தவம் என்று ஒரே சுருதியில் உச்சத்திலேயே நிற்கிறவரிடம் பிற்காலத்தில் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி வியந்து பார்த்த அந்தக் குளிர்ந்த மூளையை முதல் சீசன் முழுவதும் தேட வேண்டியிருந்தது.

இனி வதந்திகளில் பெரியது. 1497 ஜூன் 14 இரவு, தாய் வீட்டில் விருந்துண்டு திரும்பிய ரோட்ரிகோவின் இன்னொரு மகன் ஹுவான் போர்ஜியா காணாமற் போனான். இரண்டு நாள் கழித்து டைபர் ஆற்றில் ஒன்பது காயங்களோடு உடல் கிடைத்தது. இடுப்புப் பையில் 30 டுகாட் பொற்காசுகள் அப்படியே இருந்தன. பணத்துக்காக நடந்த கொலை அன்று என்பது மட்டுமே உறுதி. கொன்றது யார் என்பது இன்றுவரை தெரியாது. சேசரேதான் என்ற பேச்சு உடனே எழவில்லை, மாதங்கள் கழித்தே எழுந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். ஜோர்டனோ தயங்காமல் சேசரேயின் கையில் கத்தியைக் கொடுக்கிறார். இதைப் பிழையென்று நான் அடிக்கோடிட விரும்பவில்லை, ஏனென்றால் இரண்டு சீசன்களாக அண்ணன் தம்பிக்கிடையே சேர்ந்துகொண்டே வந்த கசப்புக்கு அந்த முடிவு நாடக நியாயம் உடையது. அதற்குப் பின்னால் அயன்ஸ் காட்டும் துக்கமும் வரலாற்றுக்கு நெருக்கமானது. உண்மையான அலெக்சாண்டர் பல நாள் உண்ணாமல் அறையைச் சாத்திக்கொண்டு கிடந்து, பின்பு கர்தினால்களின் முன் வந்து, மகன் திரும்பி வருவதானால் ஏழு திருத்தந்தைப் பட்டங்களைக்கூடக் கொடுத்துவிடுவேன் என்று புலம்பியவர்.

இதே கொலைத்தொழிலின் பக்கமாக நின்று ஷோன் ஹாரிஸ் நடித்த மிகலெட்டோவைச் சொல்லாமல் போக முடியாது. வரலாற்றில் இவர் மிகேல் தெ கொரெல்லா என்ற வலென்சியக்காரர். போர்ஜியாக்களின் சொந்த நாட்டவர். ஜோர்டன் அவரை ஃபோர்லி ஊர்க்காரராக மாற்றி, ஊரில் காத்திருக்கும் ஒரு தாயையும் கொடுத்திருக்கிறார். உண்மைக்கு விரோதமான இந்த மாற்றத்தால் தொடரின் மிக நல்ல பாத்திரம் பிறந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குறைவாகப் பேசி, தாழ்ந்த குரலில் பேசி, பார்வையாலேயே ஒரு காட்சியைக் கைப்பற்றிவிடுகிறார் ஹாரிஸ்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தச் சலுகையைக் கொடுக்க முடியவில்லை. அண்ணன் தங்கை உறவு பற்றிய பழியை எடுத்துக்கொள்வோம். 1497-இல் லுக்ரேசியாவின் முதல் மணம், கணவனுக்கு ஆண்மை இல்லை என்ற காரணம் காட்டி முறிக்கப்பட்டது. ஊர் சிரிக்க நின்ற ஜொவானி ஸ்ஃபோர்சா, திருத்தந்தை தம் மகளைத் தமக்கே வைத்துக்கொள்ள எண்ணித்தான் இப்படிச் செய்தார் என்று மிலானில் பேசினான். பழியின் ஊற்றுக்கண் அந்த வாய்தான். இது எவ்வளவு நல்ல கதைப்பொருள்! அவமானத்திலிருந்து ஒரு பொய் எப்படிப் பிறந்தது, அது ஐந்நூறு ஆண்டுகள் எப்படி நடந்தது என்று ஒரு முழுப் பகுதி எடுத்திருக்கலாம். ஷோடைம் தொடர் அதை விட்டுவிட்டு, மூன்றாவது சீசனில் பழியையே உண்மையாக்கி, அழகான ஒளியில் ஒரு காதல் கதையாகவும் படம்பிடித்துவிடுகிறது. ஃபோன்டானாவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இல்லை என்பதால் ஒருவரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. எனினும் ஜோர்டனின் தொடர் தன் எழுத்து வலிமையின் பெரும்பகுதியை இதிலேயே செலவழித்ததால், லுக்ரேசியா 1499-இல் ஸ்பொலெட்டோவின் ஆளுநராக இருந்தவள், தந்தை வெளியூர் சென்றபோது வத்திக்கானின் கடிதப் போக்குவரத்தையே பார்த்துக்கொண்டவள், பிற்காலத்தில் ஃபெராராவில் சதுப்பு நிலங்களை வாங்கி வடிகால் வெட்டி விளைநிலமாக்கியவள் என்பதற்கெல்லாம் போதிய இடமில்லாமல் போயிற்று. ரோமின் ஏழைகளுக்கான பணம் எங்கே போகிறது என்று அவள் கணக்குக் கேட்கும் இரண்டாம் சீசன் காட்சிகள் மட்டும் அந்தத் திசையைத் தொட்டுச் செல்கின்றன. அவை எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

வதந்தியை ஜோர்டன் ஒரே ஓரிடத்தில் உண்மையாகவே புத்திசாலித்தனமாகக் கையாண்டிருக்கிறார். 1501 அக்டோபர் இறுதியில் வத்திக்கானில் நடந்ததாகப் புர்கார்ட் எழுதிய 'கஷ்கொட்டை விருந்து' புகழ்பெற்றது: ஐம்பது விலைமாதர், தரையில் சிதறிய கொட்டைகள், மற்றவற்றை எழுதத் தேவையில்லை. மூன்றாம் சீசனில் இந்த விருந்து, கர்தினால்களைப் பிற்பாடு மிரட்டுவதற்காகத் திட்டமிட்டு நடத்தப்பட்ட பொறியாகிறது. புர்கார்ட் மறைவில் உட்கார்ந்து யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதிக்கொள்கிறார். நமக்குக் கிடைத்த சான்று எப்படி உருவாகியிருக்கக்கூடும் என்பதற்கே ஒரு கதை சொல்லிவிடுகிறார்கள். புர்கார்டாக நடித்த சைமன் மெக்பர்னியின் முகத்தில் தெரியும் அருவருப்பும் ஆவலும் கலந்த அந்தக் களை, நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குக் கூடுதல் விருந்து.

திருத்தந்தையை எதிர்த்து முழங்கிய ஃபிளாரன்சுத் துறவி சவோனரோலா விஷயத்தில் அத்தனை திருப்தி இல்லை. 1498 ஏப்ரலில் ஃபிளாரன்சு சதுக்கத்தில் ஏற்பாடான நெருப்புச் சோதனை, இரு துறவற சபையாரும் மணிக்கணக்கில் வாதாடி, மழையும் கொட்டியதால் நடக்கவே இல்லை. ஏமாந்த கூட்டத்தின் கோபமே அவரை வீழ்த்தியது. ஷோடைம் தொடரில் ஸ்டீவன் பெர்காஃப் தாமே தீக்குள் நடக்கிறார். பூக்குழி இறங்குவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு, நடக்காமல் போன தீமிதியின் வெறுமைதான் பெரிய நாடகமாகத் தோன்றியது. ஃபோன்டானாவின் தொடரில் இதே பாத்திரத்தை இயன் கிளென் அடக்கமாகவும் ஆபத்தாகவும் செய்திருக்கிறார்.

காட்சிக்கும் காதுக்கும் என்றால் ஷோடைம்தான். ஹங்கேரியில் எழுப்பிய அரங்குகளும், கப்ரியேல்லா பெஸ்குச்சியின் ஆடைகளும், டிரெவர் மோரிஸின் தொடக்க இசையும் கண்ணை அகலவிடாது. ஆடைகளுக்கும் இசைக்கும் 2011-இல் எம்மி விருதுகள் கிடைத்தன. செக் நாட்டில் எடுத்த ஃபோன்டானாவின் ரோம் அழுக்கானது, நெருக்கடியானது, பார்க்கக் கூசும் சித்திரவதைக் காட்சிகள் நிறைந்தது. அதன் பெரிய குறை பேச்சு. பல நாட்டு நடிகர்கள் அவரவர் வாய்க்கு வந்த உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுகிறார்கள். தந்தை அமெரிக்கர், மகள் ஜெர்மானியர், மகன்களில் ஒருவன் பிரெஞ்சுக்காரன் என்ற உணர்வு கடைசிவரை முழுவதுமாகப் போகாது. ஆனால் ரோமானியர்கள் இந்தக் குடும்பத்தைக் 'கட்டலான்' என்று வசைச்சொல்லாகவே வீசியதையும், அவர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டதற்கு அந்த அந்நியத்தன்மையே காரணம் என்பதையும் விடாமல் நினைவூட்டுகிறது இந்தத் தொடர்தான். ஆர்ட் மாலிக் நடித்த செயலர் ஃபிரான்செஸ்க் காசெத் அதன் உருவம்.

ஃபோன்டானாவுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவதற்கு இன்னொரு காரணம், ஜூலியா ஃபார்னேசியின் அண்ணன் அலெசாந்திரோவுக்கு அவர் கொடுத்த இடம். தங்கை ஆறாம் அலெக்சாண்டரின் காதலி என்பதால் கர்தினாலானவர் என்று ஊர் கேலி செய்த இந்த இளைஞரே 1534-இல் மூன்றாம் பவுல் என்ற திருத்தந்தையாகி, 1540-இல் இயேசு சபைக்கு அனுமதி தந்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்தச் சபையின் பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதைவிட வியப்பு, 1565 முதல் 1572 வரை அச்சபையின் தலைவராக இருந்தவர், ஆற்றில் மிதந்த ஹுவானின் பேரனும் ஆறாம் அலெக்சாண்டரின் கொள்ளுப்பேரனுமான புனித பிரான்சிஸ் போர்ஜியா. புன்னைக்காயலில் தமிழ் கற்று, பின்னர் தமிழில் அச்சுநூல் கொண்டுவந்த அண்டிரிக் அடிகளார் அப்போது இங்கே அவருடைய தலைமையின்கீழ் பணியாற்றிக்கொண்டிருந்தார். இரு தொடர்களும் இவ்வளவு தூரம் வருவதில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. இருந்தாலும் அலெசாந்திரோ திரையில் வரும்போதெல்லாம் எனக்குத் தூத்துக்குடிக் கடற்கரை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

மூத்த போட்டியாளர் ஒருவரையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1981-இல் பிபிசி இதே குடும்பத்தைப் பத்துப் பகுதிகளில் எடுத்தது. 1965-ஆம் ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படமொன்றின் வில்லனான அடோல்ஃபோ செலி ரோட்ரிகோவாக நடித்தார். மூவரில் சுவரோவியத்துக்கு மிக அருகில் வருகிற உருவம் அவருடையதே, ஆனால் அவர் பேசும் ஆங்கிலம் புரியவில்லை என்று அன்று இங்கிலாந்தே கேலி செய்தது.

எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: நடிப்பும் அழகும் வேண்டுமென்றால் ஷோடைம் தொடரைத் தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். 2013 ஜூனில் ஃபோர்லி கோட்டை வீழ்ந்து அதன் தலைவி கத்தரினா ஸ்ஃபோர்சா சிறைப்பட்டதோடு, அதாவது ஏறக்குறைய 1500-ஆம் ஆண்டோடு, திரை விழுகிறது. நான்காவது சீசன் வரவில்லை, ஜோர்டன் தம் முடிவை எழுத்துவடிவில் மின்னூலாக வெளியிட்டதோடு சரி. 1502-ஆம் ஆண்டின் கடைசி நாளில் செனிகாலியாவில் தம் படைத்தலைவர்களை விருந்துக்கு அழைத்து சேசரே சிறைப்பிடித்தது, 1503 ஆகஸ்டில் அலெக்சாண்டர் காய்ச்சலில் இறந்தது, அதன்பின் சில மாதங்களில் மகனின் அரசு மணல்வீடாகச் சரிந்தது ஆகிய எல்லாமே அந்த வெட்டுக்கு அப்பால் இருக்கின்றன. ஃபோன்டானா 2014-இல் வந்த மூன்றாம் சீசனில் திருத்தந்தையின் மரணத்தையும் தாண்டிச் சேசரேயின் வீழ்ச்சிவரை போகிறார். மார்க் ரைடரும் இந்தக் கட்டத்தில்தான் தம் பாத்திரத்துக்குள் முழுமையாக வந்து அமர்கிறார். நான் இப்போது யாருக்காவது சிபாரிசு செய்வதானால், ஃபோன்டானாவின் முதல் சீசனை கான்கிளேவ் முடியும்வரை பார்க்கச் சொல்வேன். உச்சரிப்பும் இரத்தமும் அதற்குள் பழகிவிட்டால் அதிலேயே தொடரலாம். பழகவில்லையென்றால் அயன்ஸிடம் போய்விட்டு, அங்கே திரை விழுந்ததும் டோமனின் மூன்றாம் சீசனுக்குத் திரும்பி வரலாம்.